ஏழு சுரமும் மூன்று கூட்டும்

பியானோ கற்கப் புகுவோர் முதற்கண் அஞ்சுவது அதன் கட்டைகளின் தொகையைக் கண்டே. வெள்ளை 52, கறுப்பு 36, ஆக 88 கட்டைகள் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஆயினும் உற்று நோக்குவோமாயின், 12 கட்டைகளே மீண்டும் மீண்டும் வருதலைக் காண்போம். அப்பன்னிரண்டனுள் ஏழைத் தெரிந்து முறைப்படுத்துவதே மேஜர் ஸ்கேல் என்பது. 29ஆம் மேளமாகிய தீரசங்கராபரணத்தின் சுரங்களும் இவையே. ஆகலின் நம் செவிக்கு இது புதிதன்று.

அடுத்தடுத்த இரு கட்டைகளின் இடைவெளி அரைச்சுரம். அதன் இரட்டி முழுச்சுரம். முழு, முழு, அரை, முழு, முழு, முழு, அரை என்பதே ஏறும் அளவு. இரட்டைக் கறுப்புக் கட்டைகளுக்கு இடப்பக்கத்தே அடுத்து நிற்கும் வெள்ளைக் கட்டையை ஸட்ஜமாகக் கொண்டால், கறுப்பைத் தீண்டாமலே ஏழும் அமையும். வலக்கையின் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவை ஸ, ரி, க என இசைத்தபின், பெருவிரல் மற்றை விரல்களின்கீழ்ப் புகுந்து மத்தியமத்தைத் தொடும். ப, த, நி, மேல் ஸ என்பவற்றை ஏனை நான்கு விரல்களும் முறையே இசைக்கும்.

இவ்வளவு கற்றதும் யாம் வல்லுநராயினோம் என்று இறுமாந்தோம். ஒரு மாலை வழிபாட்டில், வாசிப்பவர் வாராமையால் எம்மை அமர்த்தினர். யாம் தொடங்கிய சுருதி பாடுவோர் குரலுக்கு எட்டவில்லை. 'கீழ்ப் பஞ்சமத்தை ஸட்ஜமாக்குக' என்றார் அருகிருந்தவர். வெள்ளைக் கட்டைகளிலேயே பழகிய விரல் நிஷாதத்தில் தவறியது. பாட்டு நடுவே நின்றது. அளவை உணராது கட்டைகளை நெட்டுருச் செய்தமையே பிழை. அந்நிஷாதத்திற்கு ஒரு கறுப்புக் கட்டை வேண்டும் என்பதை அன்று நாணத்தோடு அறிந்தோம்.

இனிக் கார்டுகளைக் காண்போம். சுரங்கள் எழுத்துக்களாயின் கார்டுகள் சொற்களாம். ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று சுரங்களை ஒருங்கே ஒலிப்பிப்பது கார்டு. ஸ-க-ப, ம-த-ஸ, ப-நி-ரி என்னும் மூன்றனுள் ஏழு சுரங்களும் அடங்குதல் காண்க. ஆதலின் எளிய பாட்டொன்றிற்கு இம்மூன்றே துணை நிற்கப் போதியவை. இவற்றின் அடிச்சுரத்திற்கும் நடுச்சுரத்திற்கும் இடையே நான்கு அரைச்சுரங்கள் உள, ஒலி மலர்ச்சியுடையது. ரி-ம-த என்பதில் மூன்றே உள. ஒலி இரங்குவது போலும். ப-நி-ரி இசைத்து நிறுத்தினால், பயனிலை பெறாத வாக்கியம்போல் செவி ஏங்கும். நிஷாதம் அரைச்சுரம் ஏறி ஸட்ஜத்தை அடைய, ஸ-க-ப ஒலிக்கும்போதே கருத்து முற்றும்.

ஆகவே கற்போர் ஸ, ப, ம என்னும் மூன்றையும் தனித்தனியே ஸட்ஜமாகக் கொண்டு, நாள்தோறும் கால்மணி நேரமேனும் பழகுவாராக. விரலினும் செவியை முன்னே பழக்குவாராக. சில திங்களின்பின் அதே பாட்டைத் தாழ்ந்த சுருதியில் அம்மூன்று கார்டுகளோடு வாசித்தோம். கூடியிருந்தோர் அனைவரும் இறுதியடி வரை பாடினர்.