காணும் பொங்கலில் காணாமல் போகும் பிஞ்சுகள்!

கையில் பட்டை கட்டினீர்களா?

"அம்மா பேரு என்ன கண்ணு?"

"அம்மா."

"அப்பா பேரு?"

"அப்பா."

"வீடு எங்கே இருக்கு?"

"அங்கே!" கை கடலைக் காட்டும்.

காணும் பொங்கல் அன்று மெரினாவில் கிடைக்கும் குழந்தைகளிடம் போலீசார் நடத்தும் விசாரணை பெரும்பாலும் இப்படித்தான் முடியும். மூன்று வயசுப் பிள்ளையிடம் இதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க எந்த இன்ஸ்பெக்டராலும் முடியாது!

அதே நேரம் பெற்றவள் "என் புள்ளையக் காணோமே!" என்று தலையில் அடித்துக்கொண்டு மணலில் ஓடிக்கொண்டிருப்பாள். இரண்டு பேருக்கும் நடுவே ஒரு பர்லாங்கு தூரம்கூட இருக்காது. ஆனால் ஆயிரக்கணக்கான தலைகள் மறைக்கும்.

சுவர் ஏது? கதவு ஏது?

டிக்கெட் வாங்கிப் போகும் பொழுதுபோக்குப் பூங்காவில் சுற்றுச்சுவர் உண்டு. வாசலில் ஆள் உண்டு. மைக்கில் கூப்பிடுவார்கள். மெரினாவில் ஒரு பக்கம் வாகனம் பறக்கும் காமராஜர் சாலை, மறுபக்கம் கடல். அன்று யாரும் கடலில் இறங்கக்கூடாது என்று கரையோரம் கட்டைகளால் தடுப்பு கட்டுகிறார்கள். அது பெரியவர்களைத்தான் தடுக்கும். சின்னக் குழந்தை குனியக்கூட வேண்டாம், அடியில் புகுந்து போய்விடும்.

இதற்காகத்தான் சில ஆண்டுகளாகப் போலீசார் குழந்தைகளின் மணிக்கட்டில் அடையாளப் பட்டை கட்டி விடுகிறார்கள். அதில் பெற்றோரின் செல்போன் நம்பர் இருக்கும். வண்டலூர் உயிரியல் பூங்காவிலும் பண்டிகைக் கூட்டத்தில் இப்படிக் கட்டுவது உண்டு.

ஆனால் நம்ம ஜனங்கள்? "எங்க புள்ள எங்கேயும் போகாது சார்" என்று கையை இழுத்துக்கொண்டு நடையைக் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். திருவிழாவில் தொலைந்த தம்பி இருபது வருஷம் கழித்துப் பாட்டுப் பாடி வந்து சேருவது சினிமாவில்தான்!

பட்டை கட்டினாலும் நம்பர் முக்கியம். அப்பாவின் நம்பரை எழுதுவார்கள். அப்பாவின் போன் வேனில், பைக்குள் கிடக்கும். கையில் இருந்தாலும் அந்த இரைச்சலில் மணி கேட்காது. கூட்டம் அதிகமானால் லைன் கிடைப்பதே கஷ்டம். ஆகவே இரண்டு நம்பராக எழுதச் சொல்லுங்கள். பட்டை கிடைக்காவிட்டால் சட்டையின் உள்பக்கம் பேனாவால் எழுதினாலும் போதும்.

பூச்சாண்டி போலீஸ்

இன்னொரு வினை வீட்டிலேயே ஆரம்பிக்கிறது. சோறு உண்ணாத பிள்ளையிடம் "போலீஸ்காரன் புடிச்சிக்கிட்டுப் போயிடுவான்" என்று பயம் காட்டி வளர்க்கிறார்கள். கூட்டத்தில் தொலைந்த அந்தக் குழந்தை, காக்கிச் சட்டையைக் கண்டதும் ஓடாமல் என்ன செய்யும்? கிளம்பும் முன்பே, "அம்மாவைக் காணோம்னா ஓடாதே, அங்கேயே நில்லு, போலீஸ் மாமாகிட்ட சொல்லு" என்று நாலு தடவை சொல்லிக் கூட்டிப் போகலாம். கழுத்துச் சங்கிலி, கொலுசு எல்லாம் பீரோவிலேயே இருக்கட்டும். புறப்படும்போது அன்று போட்ட சட்டையோடு செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால், "என்ன கலர் டிரஸ்?" என்று கேட்கும்போது முழிக்க வேண்டியதில்லை.

பிள்ளையைக் காணோம் என்றால், குடும்பமே ஒரே பக்கம் ஓடுவதுதான் வழக்கம். அது தப்பு. ஒருவர் இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும், குழந்தை அங்கேயே திரும்பி வரலாம். ஒருவர் நேராகத் தண்ணீர் ஓரம் போய்ப் பார்க்க வேண்டும். இன்னொருவர் போலீசிடம் ஓட வேண்டும். காந்தி சிலை, உழைப்பாளர் சிலை அருகே அன்று தற்காலிகக் கட்டுப்பாட்டு அறை அமைப்பது வழக்கம். 112-க்கும், குழந்தைகள் உதவிக்கான 1098-க்கும் போன் செய்யலாம்.

"ராத்திரி வரைக்கும் தேடிப் பாருங்க, அப்புறம் எழுதிக்கலாம்" என்று யாரும் சொல்ல முடியாது. காணாமல் போன குழந்தை பற்றிய புகாரில் உடனே வழக்குப் பதிவு செய்ய வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2013-ம் ஆண்டிலேயே உத்தரவு போட்டிருக்கிறது.

கையில் நம்பர் உள்ள குழந்தை என்றால் ஒரு போனில் வேலை முடிந்துவிடும். ஓடி வரும் தாய் முதலில் முதுகில் ஒன்று வைப்பாள். பிறகுதான் கட்டிப்பிடித்து அழுவாள். பிள்ளை கிடைத்த சந்தோஷத்தில் பட்டையை அங்கேயே அறுத்து வீசிவிட வேண்டாம். வீடு திரும்பும் நேரத்தில் பஸ் ஸ்டாப்பில் இன்னொரு கூட்டம் காத்திருக்கும்.