ஒரு துளி ரத்தம் – 9: ஸ்விட்ச் போட்டால் வளரும் நிறம்

மலேரியா ரேபிட் டெஸ்ட் அட்டையோடு வரும் குறிப்பில் ஓர் எச்சரிக்கை தவறாமல் இருக்கும்: குறித்த நேரத்துக்குள் கோட்டைப் பார்த்துவிடுங்கள், பிறகு தெரியும் கோட்டை நம்பாதீர்கள். சென்ற வாரம் பார்த்த எலைசா சோதனையிலும் நேரம்தான் தலைவலி. நொதி பாட்டுக்கு நிறத்தைக் கூட்டிக்கொண்டே போகும். அமிலம் ஊற்றித்தான் நிறுத்த வேண்டும். கடிகாரத்தின் கையில் இருக்கும் இந்த அதிகாரத்தைப் பிடுங்கி ஒரு விளக்கிடம் கொடுத்தால் என்ன?

அந்த வேலை அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அங்கே கிறிஸ்டோபர் பௌமன், ஒளி பட்டதும் இறுகும் பாலிமர்களில் கைதேர்ந்தவர். பல் சொத்தையை அடைத்துவிட்டு மருத்துவர் நீல ஒளி காட்டுகிறாரே, அந்தப் பிசின் இந்த வகைதான். ஹேட்லி சைக்ஸும் பௌமனும் சக ஆய்வாளர்களும் இதையே நோயறியும் சோதனைக்குத் திருப்பி, 2008இல் 'நேச்சர் மெட்டீரியல்ஸ்' இதழில் எழுதினார்கள். பின்னர் எம்.ஐ.டி.க்குப் போன சைக்ஸ், 2015இல் ஹார்வர்டின் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழுவுடன் சேர்ந்து அதைக் காகிதத்துக்குக் கொண்டுவந்தார். அவர்கள் தேடியது ஹெச்.ஆர்.பி-2, ஃபால்சிபாரம் மலேரியாக் கிருமி வெளிவிடும் புரதம்.

காகிதத்தில் ஒட்டியிருக்கும் ஆன்டிபாடி அந்தப் புரதத்தைப் பிடிக்கிறது. இன்னொரு ஆன்டிபாடி மேலே வந்து அமர்கிறது. அதன் முதுகில் இயோசின் சாயம். நோயியல் கூடங்களில் திசுவை இளஞ்சிவப்பாக்கும் அதே இயோசின்தான். ஒட்டாததைக் கழுவிவிட்டு, அக்ரிலேட்டும் அமீனும் பினாப்தலீனும் கலந்த கரைசலில் ஒரு துளி விட்டு, பச்சை எல்.இ.டி. விளக்கைப் போடுகிறார்கள். ஒளியை வாங்கிய இயோசின் அமீனிடமிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறிக்க, வினைத்துடிப்பு மிக்க ரேடிக்கல் பிறக்கிறது. அது அக்ரிலேட் மூலக்கூறுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொண்டே போகிறது. கண்ணுக்குத் தெரியாத சில புரதங்கள் இருந்த இடத்தில் இரண்டு நிமிடத்துக்குள் ஒரு ஜெல் படலம். மிச்சக் கரைசலைக் கழுவி, ஒரு துளி காரம் விட்டால், ஜெல்லில் சிக்கிய பினாப்தலீன் பளிச்சென்று நிறம் மாறும். பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் பியூரெட் அடியில் பார்த்த அதே இளஞ்சிவப்பு.

இதில் ஆக்சிஜனுக்கு இரட்டை வேடம். ரேடிக்கல்களைத் தின்று ஜெல் உருவாவதைத் தடுப்பதும் அதுதான். களைத்த இயோசினை மீட்டு மறுபடி வேலைக்கு அனுப்புவதும் அதுதான். தவறி ஒட்டிக்கொண்ட ஓரிரு இயோசின்கள் எழுப்பும் ரேடிக்கல்களை ஆக்சிஜனே முடித்துவிடும். போதுமான இயோசின் சேர்ந்திருந்தால் மட்டுமே ஜெல் உருவாகும். 'லேசாகக் கோடு தெரிகிற மாதிரி இருக்கே' என்ற இழுபறிக்கு இடம் குறைவு.

புரதத்தைப் பிடிப்பது ஒரு வேலை, அதைக் கண்ணுக்குக் காட்டுவது இன்னொரு வேலை என்று பிரிந்துவிட்டதுதான் பெரிய லாபம். முகாமில் பத்துப் பேரின் மாதிரியை முதலில் காகிதத்தில் ஏற்றிவிட்டு, பிறகு எல்லாவற்றுக்கும் ஒரே அளவு ஒளி கொடுக்கலாம். விளக்கை அணைத்தால் புதிய சங்கிலிகள் கிளம்பாது. நிறத்தின் அடர்த்தியைச் செல்போனில் படமெடுத்து அளவையும் கணக்கிடலாம்.

ஆனால் ரேபிட் அட்டையில் ரத்தம் விட்டுக் காத்திருந்தால் போதும். இங்கே இரண்டு முறை கழுவ வேண்டும், விளக்கு வேண்டும், காரத்துளி வேண்டும். கிராமத்துச் சுகாதாரப் பணியாளரின் கைக்கு இது வர வேண்டுமானால், அந்தக் கழுவல்களைக் குறைத்தாக வேண்டும்.

கழுவலே வேண்டாம் என்ற ஒளிச் சோதனையும் உண்டு. அதில் 680 நானோமீட்டர் சிவப்பு ஒளி பட்டதும் ஒரு நுண்மணி (bead) ஆக்சிஜனை உசுப்பிவிடும். சுமார் 200 நானோமீட்டருக்குள் இன்னொரு நுண்மணி இருந்தால்தான் அது ஒளிரும். எட்வின் உல்மன் குழுவின் அந்த உத்தி அடுத்த வாரம்.