பழைய கணிப்பொறியும் புதிய இயக்குதளமும்

ஒற்றசேகரமங்கலத்தில் வாழும் என் தமக்கையார் தொலைபேசியில் ஒரு வினா எழுப்பினார்: "தம்பி, வீட்டுக் கணிப்பொறி நன்றாகத்தானே ஓடுகிறது? அதை ஏன் மாற்ற வேண்டும்?" ஊரைவிட்டு வெளிமாநிலங்களில் பணிபுரியும் நம்மிற் பலரும் இவ்வினாவைக் கேட்டிருப்போம்.

2015-ல் வெளிவந்த விண்டோஸ் 10 இயக்குதளத்துக்கான பொதுவான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நின்றன. தனியே பதிவு செய்துகொண்ட இல்லத்தார்க்கு மட்டும் மேலும் ஓராண்டு தவணை அளிக்கப்பட்டது. திருத்தம் நின்றதனால் பொறி நின்றுவிடாது. ஆயின் புதிதாகக் காணப்படும் ஓட்டைகள் அடைபடா. பூட்டுப் பழுதான வீட்டிலும் குடியிருக்கலாம். அங்கே நகையை வைக்கலாமா? வங்கிக் கணக்கைத் திறக்கும் பொறிக்கும் அதுவே நியாயம்.

விண்டோஸ் 11-க்கு 4 ஜிகாபைட் நினைவகமும், 64 ஜிகாபைட் சேமிப்பிடமும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பும், ஏற்கப்பட்ட செயலியும் தேவை. இவை இருப்பின் தயங்காது மாறலாம்.

இல்லையெனில் உடனே புதுப்பொறி வாங்க வேண்டுமென்பதில்லை. லினக்ஸ் என்னும் கட்டற்ற இயக்குதளம் உண்டு. கேரள அரசின் கைட் நிறுவனம் பள்ளிகளுக்கு வழங்குவதும் அவ்வகையினதே. தமக்கையாரின் பேரன் அதிலேதான் பாடம் பயில்கிறான். பாட்டிக்கு ஆசிரியன் வீட்டிலேயே இருக்கிறான்!

எவ்வழியாயினும், முதலில் நிழற்படங்களையும் பத்திரப் படிகளையும் வேறொரு வட்டில் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இயக்குதளத்தை மீண்டும் நிறுவலாம். மறைந்த தந்தையாரின் படத்தை மீண்டும் எடுக்க இயலுமா?