கடலே மதிலான சிறை

எம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று மெல்பேணிலும் சிட்னியிலும் குடியமர்ந்து வாழ்கின்றனர். அவர்களைக் காணச் செல்லும் உறவினரும் நண்பரும், ஓய்வு கிடைப்பின், தெற்கேயுள்ள தஸ்மேனியாத் தீவுக்கும் சென்று வருதலுண்டு. அத்தீவின் தலைநகராகிய ஹோபாட்டிலிருந்து ஒரே நாளிற் சென்று மீளத்தக்க பயணங்களுள், தஸ்மன் குடாநாட்டின் கடலோரத்தைப் படகிற் சுற்றி வருதலும், போட் ஆதர் என்னும் பழைய கைதிகள் குடியிருப்பைக் காண்டலும் ஒருங்கமைந்த பயணம் பெயர்பெற்றது. முன்னையது கண்ணுக்கு விருந்து, பின்னையது சரித்திரப் பாடம் என இரண்டையும் வெவ்வேறாகக் கொள்வாரும் உளர். அவை ஒரே பாடத்தின் இரு பாகங்கள் என்பதை விளக்குதலே எம் நோக்கமாகும்.

1642ஆம் ஆண்டில் ஏபல் தஸ்மன் என்னும் ஒல்லாந்த மாலுமி இத்தீவைக் கண்டு, தம்மை அனுப்பிய பத்தேவியாவின் தேசாதிபதி அந்தோனி வான் டீமனின் பெயரை அதற்கு இட்டார். 1638இல் மட்டக்களப்பும் 1639இல் திருகோணமலையும் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பட்டதும் இதே தேசாதிபதியின் காலத்திலேயாம். பிற்காலத்தில் ஆங்கிலேயர் அத்தீவிற் குடியேறி, 1803 முதல் 1853 வரை 70,000க்கு மேற்பட்ட கைதிகளை அங்கே கொண்டுவந்து இறக்கினர். வான் டீமன் நாடு என்ற பெயர் கைதிகளையே நினைவூட்டியமையால், 1856இல் அது தஸ்மேனியா என மாற்றப்பட்டது.

படகிற் செல்வோர் முதலிற் காண்பது, கடலினின்று செங்குத்தாய் எழும் கரும்பாறைகளையே. பூமியின் அடியிலிருந்து மேலெழுந்த பாறைக்குழம்பு ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன் குளிர்ந்து இறுகியபோது, தூண்களை அடுக்கி நிறுத்தினாற்போல வெடித்துப் பிளவுபட்டது. பில்லர் முனையில் இத்தூண்கள் 300 மீற்றரளவு உயர்ந்து நிற்கின்றன. அதற்கெதிரே தஸ்மன் தீவின் உச்சியில் 1906இல் ஒளியேற்றப்பட்ட வெளிச்சவீடு உளது. அத்தீவுக்குத் தெற்கே, அந்தாட்டிக்கா வரையும் கடலன்றி வேறில்லை.

மனிதர் கால்வைக்க அஞ்சும் இவ்விடம் விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் நல்ல இல்லமாயுளது. அலை மோதும் பாறைத்தட்டுகளிற் கடல்நாய்கள் கூட்டமாய்ப் படுத்து வெயில் காய்கின்றன. தோலுக்காக வேட்டையாடப்பட்டுப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவற்றின் இனம் அழியும் நிலையை எய்திற்று; பாதுகாப்புக் கிடைத்த பின்னரே மீண்டும் பெருகலாயிற்று. அல்பற்றோஸ் பறவைகள் சிறகசையாது காற்றில் மிதக்கின்றன. மட்டன் பறவை எனப்படும் சிறு கடற்பறவைகள் வட பசிபிக்கிலிருந்து சமுத்திரத்தைக் கடந்து, ஆண்டுதோறும் செப்டெம்பர் மாதக் கடைசியில் இத்தீவின் கரைகளை வந்தடைகின்றன. திமிங்கிலங்களும் இவ்வழியே வடக்கும் தெற்குமாய்ச் சென்று மீள்கின்றன. இவற்றுக்கெல்லாம் இக்கடல் வழியாகும். கைதிக்கோ அது மதிலாயிற்று.

1830இல் மரந்தறிக்கும் நிலையமாகத் தொடங்கிய போட் ஆதர், விரைவில், நாடுகடத்தப்பட்ட பின்னும் குற்றம் புரிந்தோரைத் தண்டிக்கும் இடமாயிற்று. அதைச் சுற்றி நெடுமதில் எழுப்பவேண்டிய தேவை இருக்கவில்லை. குடாநாட்டின் முப்புறமும் நாம் மேலே கண்ட பாறைகளும் குளிர்ந்த கடலும் சூழ்ந்திருந்தன. ஈகிள்ஹோக் நெக் என்னும் ஒடுங்கிய நிலத்தொடுப்பே வெளியேறும் தரைவழி. அதன் அகலம் 100 மீற்றருக்கும் குறைவு. 1830களின் தொடக்கத்தில் அதன் குறுக்கே சங்கிலியிட்ட நாய்களை வரிசையாய்க் கட்டி, இடையிடையே விளக்குகளையும் நிறுத்தினர். நீர்வழியே தப்பலாகாதென்று ஆழமற்ற நீரில் மேடையிட்டும் நாய்களைக் கட்டினர். பெரும்பாலான கைதிகள் நீந்த அறியாதார். எனினும் 1842இல் மாட்டின் காஷ் என்பவர் இரு தோழருடன் அந்நீரை நீந்திக் கடந்து தப்பினார். பின்னர் பிடிபட்டு மரணதண்டனை விதிக்கப்பெற்று, அது குறைக்கப்பட்டு, முடிவில் விடுதலையும் பெற்ற அவர், 1877இல் தம் தோட்டத்திற் காலமானார். போட் ஆதர் மூடப்பட்டதும் அவ்வாண்டிலேயே.

குடியிருப்புக்கு எதிரே, சிறு வளைகுடாவுக்கு அப்பால், பொயின்ற் பூவெர் என்னும் முனை உளது. பூவெர் என்பது இலத்தீன் மொழியிற் சிறுவனைக் குறிக்கும். 1834 முதல் 1849 வரை ஏறத்தாழ 3,000 சிறுவர் இங்கே அடைக்கப்பட்டனர். அவர்களுள் ஒன்பது வயதினரும் இருந்தனர். எழுத்தும் தச்சும் கல்வேலையும் சப்பாத்துத் தைத்தலும் இங்குக் கற்பிக்கப்பட்டன. பள்ளிப் பிராயத்துப் பிள்ளைகளுக்குக் கல்வியும் தண்டனையும் ஒரே கையால் வழங்கப்பட்ட இவ்விடத்தைக் கடந்து செல்லுங்கால், கல்லூரி வாழ்வை இன்பமாய் நினைவுகூரும் எம்போன்றார் நெஞ்சு கனக்காதிராது.

கசையடியிலும் உள்ளத்தைத் திருத்துதலே மேலென்ற கொள்கை வலுத்தபோது, இலண்டன் பென்ரன்வில் சிறையை மாதிரியாகக் கொண்டு தனிமைச் சிறை கட்டப்பட்டது. அங்கே கைதிக்குப் பெயரில்லை. எண் மாத்திரமே உண்டு. பேச்சுக்கு இடமில்லை. அறையைவிட்டு வெளிவருங்கால் முகத்தை மறைத்தல் வேண்டும். சிற்றாலயத்திலும் ஒருவரையொருவர் காணாவண்ணம் தனித்தனித் தடுப்புகள் இருந்தன; ஆங்கு வழிபாட்டிற் பாடும்போது மாத்திரம் குரலெடுத்தல் கூடும். அச்சிறைக்கு அயலிலேயே பின்னர் ஒரு மனநோயாளர் விடுதியும் கட்ட நேர்ந்தமை சிந்திக்கற்பாலது. துறைமுகத்திலுள்ள மரித்தோர் தீவில் ஆயிரம் பேரளவில் அடக்கஞ் செய்யப்பட்டனர். உத்தியோகத்தர்க்கும் படையினர்க்கும் நடுகற்கள் உள. கைதிகளுட் பெரும்பாலார் கிடக்குமிடத்தைக் காட்ட ஒரு கல்லும் இல்லை.

சிறை மூடப்பட்டபின், பழிப்பெயரை மறக்க விரும்பிய மக்கள் ஊருக்குக் கார்னாவன் எனப் பெயரிட்டனர். கட்டடங்கள் விற்கப்பட்டன, பல இடிக்கப்பட்டன, எஞ்சியவற்றுட் பல 1890களின் காட்டுத்தீக்கு இரையாயின. ஆயினும் காணவருவோர் கேட்டது பழைய பெயரையே. 1927இல் போட் ஆதர் என்ற பெயர் மீண்டது. 2010இல் அது அவுஸ்திரேலியாவின் வேறு பத்துக் கைதித் தலங்களுடன் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. மறைக்க முயன்ற வரலாற்றையே அந்நாட்டினர் இன்று தம் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுகின்றனர்.

ஆதலின் அங்குச் செல்லும் அன்பர்க்கு யாம் கூறுவது ஒன்றே: இயலுமாயின் முன்னர்க் கடலையும் பின்னர்ச் சிறையையும் காண்க. பாறைகளின் உயரத்தையும் நீரின் குளிரையும் படகில் இருந்து உணர்ந்தவர்க்கே, மதிலற்ற அச்சிறையினின்று மிகச் சிலரே தப்பியதன் காரணம் விளங்கும்.