குளிர் இறங்கி வரும் வழி

மலைமேல் ஏற ஏறக் குளிரும். ஒரு கிலோமீட்டர் உயரம் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6 டிகிரி குறையும் என்று பாடத்திலும் படித்திருப்பீர்கள். அப்படியானால் தமிழ்நாட்டின் நீலகிரி மலையில் உறைபனி எங்கே அதிகம் இருக்க வேண்டும்? 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா சிகரத்தில்தானே?

டிசம்பர், ஜனவரி மாதங்களில் தமிழ்நாட்டுச் செய்திகளைக் கவனித்துப் பாருங்கள். தலைகுந்தா, காந்தல், ஊட்டி குதிரைப் பந்தய மைதானம் என்று தாழ்வான இடங்களின் பெயர்களே திரும்பத் திரும்ப வரும். புல்தரை வெள்ளை வெளேரென்று கிடக்கும். இரவில் வெளியே நிறுத்திய கார்களின் கண்ணாடியில் பனி படிந்து, காலையில் அதைச் சுரண்டி எடுப்பார்கள். உச்சியை விட்டுவிட்டுக் குளிர் ஏன் பள்ளத்தில் வந்து தங்குகிறது?

இதற்கு விடை உங்கள் வீட்டுச் சமையலறையிலேயே இருக்கிறது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதிக் கதவை மெதுவாகத் திறங்கள். வெண்புகை போன்ற ஒன்று வெளியே வருகிறதா? அது புகையல்ல. நம் சிங்கப்பூர்க் காற்றில் எப்போதும் நிறைந்திருக்கும் நீராவி, குளிர்பட்டுச் சிறுசிறு துளிகளாக மாறி நம் கண்ணுக்குத் தெரிகிறது. அது எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். கதவின் விளிம்பைத் தாண்டியதும் நேரே கீழே வழியும். கையை மேலே வைத்தால் ஒன்றும் தெரியாது. கீழே வைத்தால் சில்லென்று படும். வெறுங்காலுடன் நின்றால் கால்விரல்களுக்கே முதலில் குளிரும். பார்த்ததும் கதவை மூடிவிடுங்கள். அம்மாவிடம் திட்டு வாங்க வேண்டாம்!

காற்றுக்கு எடை உண்டு. கடல் மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.2 கிலோ இருக்கும். அதே காற்று 10 டிகிரி குளிர்ந்தால் சுருங்கி அடர்த்தியாகும். அப்போது ஒரு கன மீட்டரின் எடை ஏறத்தாழ 40 கிராம் கூடும். 40 கிராம் என்ன பெரிய எடை என்று நினைக்காதீர்கள். ஒரு மலைச்சரிவு முழுவதும் இருக்கும் காற்றை நகர்த்த அது தாராளமாகப் போதும்.

இனி ஊட்டிக்குப் போவோம். ஜனவரி மாத இரவு. வானத்தில் மேகமில்லை, காற்றும் வீசவில்லை. பகலெல்லாம் வெயிலில் காய்ந்த நிலம், தன் வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக வானத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. புல்லும் மண்ணும் வேகமாகக் குளிர்கின்றன. அவற்றை ஒட்டியிருக்கும் காற்றும் குளிர்ந்து கனக்கிறது. சமதரையாக இருந்தால் அந்தக் காற்று அங்கேயே கிடக்கும். சரிவில் அப்படிக் கிடக்க முடியாது. தரையை ஒட்டியபடியே கீழ்நோக்கி நகரத் தொடங்கும். பெரும்பாலும் நாம் நடக்கும் வேகம்தான். அந்த ஓட்டத்தின் தடிமன் சில மீட்டராகவும் இருக்கலாம், சில பத்து மீட்டராகவும் இருக்கலாம். சுற்றியுள்ள எல்லாச் சரிவுகளிலிருந்தும் இப்படி இறங்கி வரும் குளிர்காற்று பள்ளத்தாக்கில் சேர்ந்து தேங்குகிறது. அதனால்தான் விடியற்காலையில் பள்ளத்தாக்கின் அடியில் உறைபனி கிடக்கும்போது, நடுச்சரிவில் இருப்பவர்களுக்குக் குளிர் சற்றுக் குறைவாக இருக்கும். மேலே போகப் போகக் குளிரும் என்ற விதி, அந்தச் சில மணி நேரத்துக்கு மட்டும் தலைகீழாகிறது. வெயில் ஏறித் தரை சூடானதும் எல்லாம் கலைந்துவிடும்.

மலையில் பயிர் செய்பவர்களுக்கு இது பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயம். தாழ்வான இடத்துத் தேயிலைக் கொழுந்துகள் ஒரே இரவில் கருகிவிடும். நெருப்பே படாமல் இலை கருகுவது விந்தையாக இருக்கிறதல்லவா? இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து திசுக்களைச் சிதைத்துவிடுவதால் வரும் கருகல் அது. ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர் நாற்றுகளைப் பனிக்காலத்தில் மிலார் என்ற செடிகளால் மூடிவைப்பார்கள். தரையிலிருந்து கிளம்பும் வெப்பம் முழுவதும் வானத்துக்குத் தப்பிவிடாமல் அந்த மூடல் தடுக்கிறது.

நீலகிரியில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி ஒன்று உண்டு. மலை மடிப்புகளில் அடர்ந்த சோலைக்காடு இருக்கும். அதன் ஓரத்தில் கோடு கிழித்ததுபோல் காடு நின்றுவிடும். அதற்கு அப்பால் வெறும் புல்வெளி. மரங்கள் ஏன் புல்வெளிக்குள் பரவவில்லை? உறைபனி அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். திறந்த புல்வெளியில் முளைக்கும் சோலை மரக்கன்று பனி இரவுகளைத் தாங்காது. பெரிய மரங்களின் நிழலில் முளைக்கும் கன்றுக்கோ மேலேயுள்ள இலைக்கூரை பாதுகாப்புத் தருகிறது. எந்தச் செடி எங்கே வளரலாம் என்பதைக்கூட இரவுக்குளிர் முடிவு செய்கிறது!

அண்டார்டிகாவில் இப்படிச் சரிவில் இறங்கும் குளிர்காற்று புயலாகவே மாறிவிடும். உயரமான பனிப்பீடபூமியிலிருந்து கடற்கரையை நோக்கி இறங்கும் காற்றை 1912இல் டக்ளஸ் மாசன் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளரின் குழு அளந்தது. ஆண்டு முழுவதற்குமான சராசரி வேகமே மணிக்கு 80 கிலோமீட்டர் அளவுக்கு இருந்தது.

சரி, நம் சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுனில் இப்படிக் குளிர்காற்று இறங்கி வருமா? இங்கே ஏது மலை என்று கேட்பீர்கள். 1953இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவையொட்டி இந்தப் பேட்டைக்குப் பெயர் வைத்தார்கள். அதற்கு முன் இங்கே இருந்தது, இரு குன்றுகளுக்கு நடுவே அமைந்த போ பே காங் என்ற கிராமம். சதுப்பு நிலமும் ஓர் ஓடையும் கொண்ட பள்ளத்தாக்கு அது. இன்றும் தெற்கே கென்ட் ரிட்ஜ், தெலுக் பிளாங்கா குன்றுகள் இருக்கின்றன. ஆனாலும் உறைபனியை எதிர்பார்க்காதீர்கள். சிங்கப்பூரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 19 டிகிரிதான், அதுவும் 1989இல். நம் காற்றிலுள்ள நீராவியும் மேகங்களும், தரை அனுப்பும் வெப்பத்தில் பெரும்பகுதியை மறுபடியும் தரைக்கே திருப்பி அனுப்பிவிடுகின்றன. நம் குன்றுகளும் சிறியவை. போதாததற்கு, பகலில் வெப்பத்தைக் குடித்த கான்கிரீட் சுவர்களும் தார்ச்சாலைகளும் இரவெல்லாம் அதை வெளியே விடுகின்றன. ஆர்ச்சர்ட் சாலைப் பகுதி, நகருக்கு வெளியேயுள்ள பசுமையான இடங்களைவிட இரவில் 7 டிகிரி வரை சூடாக இருந்ததை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள்.

சூடேறும் நகரத்துக்கு, இறங்கி வரும் குளிர்காற்று உதவவும் செய்யும். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் என்றொரு நகரம் இருக்கிறது. சுற்றிலும் குன்றுகள், நடுவே ஊர். காற்று அதிகம் வீசாத இடம். இரவில் குன்றுகளிலிருந்து இறங்கி வரும் குளிர்காற்றுதான் ஊரின் புழுக்கத்தையும் புகையையும் குறைக்கிறது. இதைப் புரிந்துகொண்ட நகராட்சி 1938லேயே வானிலை அறிஞர் ஒருவரை வேலைக்கு அமர்த்தியது. குளிர்காற்று இறங்கும் வழிகளில் கட்டடம் கட்ட அங்கே கட்டுப்பாடு உண்டு. காற்று வரும் பாதையில் சுவர் எழுப்பினால் ஊரே வேகும் என்பதை அத்தனை காலத்துக்கு முன்பே உணர்ந்த ஊர் அது. நாமும் இப்போது அப்படித்தான் யோசிக்கத் தொடங்கியிருக்கிறோம். சிங்கப்பூரின் தெங்கா நகரைத் திட்டமிட்டபோது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கணினி மாதிரிகளைக் கொண்டு காற்றோட்டத்தை ஆராய்ந்தது. அந்த நகர் நெடுகிலும் 5 கிலோமீட்டர் நீளத்துக்குக் காட்டுப்பாதை ஒன்றுக்கும் இடம் ஒதுக்கப்பட்டது.

இடத்துக்கு இடம் இரவுக்குளிர் மாறுவதை நீங்களே அளந்து பார்க்கலாம். மழையில்லாத ஒரு மாலை, பொழுது சாய்ந்து ஒரு மணி நேரம் கழித்து, வீட்டுப் பெரியவர் ஒருவருடன் கிளம்புங்கள். ஒரே மாதிரியான இரண்டு வெப்பமானிகள் போதும். ஒன்றை உங்கள் புளோக்கின் கார் நிறுத்துமிடத்தருகே பிடியுங்கள். மற்றொன்றை உங்கள் நண்பர் பழைய ரயில் பாதை இருந்த இடத்திலுள்ள பசுமை வழியில் பிடிக்கட்டும். இரண்டும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்க வேண்டும், கை படக் கூடாது. பத்து நிமிடம் கழித்து இரண்டு எண்களையும் எழுதுங்கள். மறுநாள் மேடான இடத்திலும் பள்ளமான இடத்திலும் இதையே செய்து பாருங்கள். வானத்தில் மேகம் இருந்ததா என்பதையும் மறக்காமல் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.