கொழும்புக்கு ஒரு நாள்: போகுமுன் யோசிப்போம்



"புள்ளைங்களை ஒருக்கா கொழும்புக்குக் கூட்டிப் போகணும், எவ்வளவு செலவாகும்?" என்று லயத்துப் பக்கம் போகும்போதெல்லாம் நம்மிடம் கேட்கிறார்கள். பாஸ்போர்ட் எடுக்க, ஆஸ்பத்திரிக்குப் போக, கடையில் வேலை செய்யும் மகனைப் பார்க்க என்று கொழும்புக்குப் போனவர்கள் நம்மில் உண்டு. குடும்பமாக, பார்த்து வருவதற்கென்றே போனவர்கள் குறைவு. நாம் பறிக்கும் கொழுந்து தூளாகி 1883ஆம் ஆண்டு முதல் கொழும்பு ஏலத்தில் விலை போகிறது. நாற்பது வருடம் கொழுந்தெடுத்த அம்மாயி மட்டும் இன்னும் கடலைப் பார்க்கவில்லை.

முதலில் எமது அனுபவத்தைச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் முதல் தடவை குடும்பத்தோடு போனபோது ஒரே நாளில் ஐந்து இடம் பார்ப்பது என்று கணக்குப் போட்டோம். கோயில், கடைத்தெரு, மிருகக்காட்சிசாலை என்று ஓடினோம். கடலைக் கடைசிக்கு வைத்தோம். போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. "கடல் எங்கப்பா? சத்தம் மட்டுந்தானே கேக்குது" என்றான் சின்னவன். அந்தக் கேள்விக்கு எம்மிடம் பதில் இல்லை. அந்தத் தவறை நீங்களும் செய்யக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறோம்.

எந்த நாள் போவது?

வேலை நாளில் போனால் வீட்டில் இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பேரும் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை போனால் அந்த நட்டம் இல்லை. ஆனால் ஞாயிறு, போயா நாட்களில் புறக்கோட்டைக் கடைகள் பெரும்பாலும் பூட்டு. சாமான் வாங்கத்தான் வேண்டும் என்பவர்கள் சனிக்கிழமை போகலாம். பார்க்க மட்டும் போகிறவர்களுக்கு ஞாயிறே நல்லது. கடை பூட்டியிருந்தால் காசும் மிச்சம்!

எங்கள் பக்கம் கொழுந்து குறைந்த பெப்ரவரி மாதத்தில் கொழும்பிலும் மழை குறைவு. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றில் கடல் கொந்தளிக்கும்.

பணம்

இந்தப் பயணம் கடனில் தொடங்கக்கூடாது. தோட்டை அடகு வைத்துப் போய்வந்து, ஆறு மாதம் வட்டி கட்டிய குடும்பத்தை எமக்குத் தெரியும். தீபாவளி முற்பணத்திலும் கை வைக்க வேண்டாம். அது மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுப்படும் கடன்தான். ஆறு மாதத்துக்கு முன்பே ஒரு உண்டியல் வையுங்கள். கைக்காசு வேலை செய்த நாளில் கொஞ்சம் அதில் போடுங்கள்.

ஒரு கொப்பித் தாளில் நான்கு வரி எழுதுங்கள்: போகவர டிக்கட், கொழும்புக்குள் பஸ், ஆட்டோ, சாப்பாடு, நுழைவுச் சீட்டு. இன்றைய விலையைக் கேட்டு எழுதிக் கூட்டுங்கள். திரும்பி வரும் டிக்கட் காசைத் தனியாக அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். எது வந்தாலும் அதைத் தொடக்கூடாது.

எப்படிப் போவது?

ஹட்டன் பக்கத்தை வைத்துச் சொல்கிறோம். ரயிலில் கொழும்பு கோட்டை சுமார் 170 கிலோமீற்றர். ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். 2025 நவம்பரில் வந்த 'தித்வா' புயலில் மலைநாட்டு ரயில் பாதை பல இடங்களில் சேதமானது. ஆகவே ரயிலை நம்பிப் புறப்படுமுன் ஸ்டேசனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பஸ் கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை வழியாகப் புறக்கோட்டைக்குப் போகும். நான்கு, ஐந்து மணித்தியாலம். விடியக்காலை 4 மணி பஸ்ஸைப் பிடித்தால் 9 மணிக்குள் இறங்கலாம். தோட்டத்திலிருந்து டவுனுக்கு அந்த நேரத்தில் ஆட்டோ பேச வேண்டும். இரண்டு குடும்பம் சேர்ந்தால் வேன் மலிவு. வளைவுகளில் பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள். வயிறு நிறையக் கொடுக்காதீர்கள். முன் சீட்டில் உட்கார வையுங்கள். பொலித்தீன் பையும் ஒரு எலுமிச்சம்பழமும் கையில் இருக்கட்டும்.

இறங்கின உடனே செய்ய வேண்டியது, திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது.

எதைப் பார்ப்பது?

இரண்டே இடம். கடலை முதலில் பாருங்கள்.

புறக்கோட்டையில் 100 அல்லது 101ஆம் இலக்க பஸ் ஏறினால் காலி முகத்திடலில் இறங்கலாம். காலை வெயில் ஏறுமுன் போய், அம்மாயியை நன்றாக உட்கார வைத்துக் காட்டுங்கள். கப்பல்கள் தெரியும். கால் நனைக்கலாம், குளிக்க இறங்க வேண்டாம். அங்கே இழுவை உண்டு.

அடுத்தது தேசிய நூதனசாலை. ஆட்டோவில் போனால் மீட்டர் போடச் சொல்லி ஏறுங்கள். 1877இல் திறந்த கட்டிடம் அது. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் சிம்மாசனம் அங்கே இருக்கிறது. காலியில் 1911இல் கண்டெடுத்த ஒரு கல்லும் இருக்கிறது. அதில் சீனம், பாரசீகத்தோடு நம் தமிழும் பொறித்திருக்கிறது. கல்லில் உள்ள ஆண்டு 1409. பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். அறுநூறு வருடத்துக்கு முன்னமே இந்த நாட்டில் நம் எழுத்து கல்லில் இருந்ததை அவர்கள் கண்ணால் காணட்டும். அரச விடுமுறை நாட்களில் பூட்டியிருக்கலாம். அந்த நாட்களைத் தவிருங்கள்.

பக்கத்தில் விகாரமகாதேவி பூங்கா. மர நிழலில் கட்டிக்கொண்டுபோன ரொட்டியும் சம்பலும் சாப்பிடலாம். சின்னப் பிள்ளைகள் உள்ளவர்கள் நூதனசாலைக்குப் பதிலாகத் தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குப் போகலாம். இரண்டுக்கும் போக ஆசைப்பட வேண்டாம். 3 மணிக்குத் திரும்பத் தொடங்குங்கள்.

பிள்ளைகளும் பெரியவர்களும்

கொழும்பு வெயில் நம் குளிருக்குப் பழகியவர்களை வாட்டும். விடியலில் போட்ட சுவெட்டரை அவிசாவளையிலேயே கழற்றிவிடுங்கள். ஆளுக்கு ஒரு போத்தல் தண்ணீர் வேண்டும். பிரஷர், சீனி வருத்தம் உள்ளவர்கள் மாத்திரையை மறக்க வேண்டாம். பெரியவர்கள் அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

"உங்க அப்பா பேரு என்ன?" என்று கேட்டால் "அப்பா" என்று சொல்கிற வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆகவே பிள்ளையின் பெயர், தோட்டம், டிவிஷன், டவுன், உங்கள் போன் நம்பர் எல்லாவற்றையும் ஒரு துண்டில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிச் சட்டைப் பையில் ஊசி குத்திவிடுங்கள். சிங்களத்தில் எழுதத் தெரியாவிட்டால் எம்மிடம் வாங்க, எழுதித் தருகிறோம். வழி தவறினால் நின்ற இடத்திலேயே நிற்கச் சொல்லிக் கொடுங்கள். பொலிஸ் 119, சிறுவர் உதவி 1929, அம்பியுலன்ஸ் 1990. இந்த மூன்றும் பெரியவர்களுக்குப் பாடமாக இருக்க வேண்டும்.

நாங்கள் மறு வருடம் திரும்பவும் போனோம். அந்தத் தடவை காலை 9 மணிக்கே கடற்கரையில் நின்றோம். சின்னவன் அரை மணித்தியாலம் ஒன்றுமே பேசவில்லை, பார்த்துக்கொண்டே நின்றான். அன்று வேறு ஒரு இடம்தான் பார்த்தோம். அதுவே போதுமாக இருந்தது.

நல்லபடியாகப் போய் வாருங்கள். வந்து எமக்கும் சொல்லுங்கள்.

— நலன்புரி உத்தியோகத்தர்