பூமிப் படமும் எல்லைக் கல்லும்

நிலவளத்தைக் கணக்கிடும் பொருட்டு 1960-களில் கானடா தேசத்தில் ரோஜர் டாம்லின்சன் என்பவர் தொடங்கிவைத்தது புவியியல் தகவல் முறை. 1999 முதல் ஆண்டுதோறும் நவம்பரில் பல சர்வகலாசாலைகள் இதனைப் பொதுஜனங்களுக்குக் காட்டி விளக்குகின்றன.

சர்வே படம், மண்வகை, ஏரி, வாய்க்கால், கிணற்று நீர்மட்டம் ஆகியவற்றைத் தனித்தனி அடுக்குகளாகக் கணிப்பொறியில் ஏற்றி, ஒன்றின்மேலொன்றாகப் பொருத்துவதே இதன் சாரம். அரியலூர் ஜில்லா விக்கிரமங்கலம் போன்றதோர் ஊரில், ஏரி நிரம்பாத வருஷத்தில் எந்தச் சர்வே நம்பர்களுக்கு நீர் எட்டாது, அவற்றுள் கரிசல் எவை, பருத்திக்கு ஏற்றவை எவை என்பதை விதைப்புக்கு முன்பே இதனால் அறியலாம்.

எனினும், கணக்கு பிழைத்தால் படமும் பிழைக்கும். உட்பிரிவைப் பதியாது விட்டால் ஒருவர் நிலம் மற்றொருவர் பேரில் தோன்றி வியாஜ்யம் விளையும். ஆகவே நிலச்சுவான்தார்கள் எல்லைக் கற்களைப் பெயராது காப்பதும், கிராம அதிகாரிகள் பயிரை நேரில் பார்த்தே அடங்கல் எழுதுவதும் இன்றியமையாதனவாகும்.